கூரையில் தொங்கும் பானைக்கும் கூடத்து சப்வூஃபருக்கும் உறவு உண்டு, தெரியுமா?

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நிற்கிற நவராத்திரி மண்டபத்துக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தீர்களா? மேற்கூரையில் மண்பானைகள் கவிழ்ந்து தொங்குகின்றன! அலங்காரத்துக்கு இல்லை, வேண்டுதலுக்கும் இல்லை. கீழே பாடுகிறவரின் குரலுக்காகத் தொங்கவிட்ட பானைகள் அவை!

வருடா வருடம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமீது புறப்பட்டு, களியக்காவிளை தாண்டி இங்கே வந்து கொலுவிருப்பாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஒன்பது நாளும் மாலையில் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ராகம், ஒரு சுவாதித் திருநாள் கிருதி என்று முதல் நாள் சங்கராபரணத்திலிருந்தே எல்லாம் முன்பே முடிவானது. கைதட்டக் கூடாது! அம்மன் சன்னதியில் நடக்கும் பூஜை அது. அதனால் பாட்டு முடிந்ததும் பானைகளுக்குக் கேட்பதெல்லாம் தம்பூராவின் மிச்சம்தான்.

சரி, கூடத்தில் பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டால் இவர் ஏன் பானையைப் பற்றிப் பேசுகிறார் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கடையில் பன்னிரண்டாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுத்து நீங்கள் வாங்கும் அந்தக் கறுப்புப் பெட்டியில், உருண்டையாக ஒரு ஓட்டை தெரிகிறதே, அந்தப் பெட்டியும் ஒரு பானைதான்! இயற்பியல் கணக்கில் இரண்டுக்கும் ஒரே சூத்திரம்! பானைக்குள் அடைபட்ட காற்று அமுங்கி எழும். வாயில் நிற்கும் காற்று அதற்கேற்ப உள்ளும் வெளியும் ஆடும். வயிறு பெருத்தால் சுருதி இறங்கும், வாய் அகன்றால் சுருதி ஏறும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கணக்கில் பிடித்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்குகளில் ஒலிக்கலங்கள் வைப்பதைப் பற்றி எழுதிவைத்துவிட்டார். 1932-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் ஸ்பீக்கர் பெட்டியில் ஓட்டை போட்டுக் காப்புரிமை பெற்றார். இன்றைக்குக் கடைகளில் நிற்கும் ஓட்டை வைத்த சப்வூஃபர் எல்லாம் அந்த வம்சம்!

கடம் வாசிப்பவரைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்த ஆழமான கும்காரத்தை ஏற்றி இறக்குகிறாரே, ஓட்டையின் அளவைக் கச்சேரி நடக்கும்போதே மாற்றுகிறார் என்று பொருள்! சாதாரண சப்வூஃபரில் அந்த வசதி கிடையாது.

இன்னொரு அதிசயம் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் இருக்கிறது. கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அதன் நடுவில் அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு? தோலின் எடை கூடினால் நாதம் கீழே இறங்கும்! சப்வூஃபரின் கூம்பை ஏன் கனமாகச் செய்கிறார்கள் என்றால், அச்சு அசலாக அதே காரணம்! வலந்தலையின் கறுப்புக் கரணையோ இன்னும் பெரிய விந்தை. சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இணங்காமல் சிதறும். கரணை அவற்றை ஒழுங்காகச் சுருதிக்குள் கட்டிப்போடுகிறது. இதைக் கண்டுபிடித்து 1920-இல் உலகத்துக்குச் சொன்னவர் யார் தெரியுமா? நம் சர் சி.வி. ராமன்! நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்பே மிருதங்கம் அவர் மேஜைக்கு வந்துவிட்டது. பெயர் தெரியாத தோல் கலைஞர்கள் பல தலைமுறையாகக் கையால் செய்த நுட்பத்தை அவர் கணக்கால் வணங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி முக்கியமான கேள்வி. நாம் கேட்கும் இசை உண்மையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது?

ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்பூராவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தந்தியான மந்தர ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 65 அதிர்வு, அவ்வளவுதான்! ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு அதே தந்தி சுமார் 98. நவராத்திரி மண்டபத்துப் பானைகள் நெடுங்காலம் ஆண்குரல் கச்சேரிகளையே கேட்டுப் பழகியவை. 2006-இல்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடி அந்த மரபைத் திறந்துவைத்தார், முதல் பெண்மணியாக! இன்னும் ஆழத்துக்குப் போனால், பாலக்காடு மஞ்ஞப்பிராவில் பிறந்த பாடகர் எம்.டி. ராமநாதன் ஒரு கட்டைக்கும் கீழே சுருதி வைத்துப் பாடியவர். அவருடைய மந்தர ஸ்தாயிப் பிரயோகங்களைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவர்கள் அவர் குரலின் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பேன்.

ஆக, கச்சேரி மட்டும் கேட்கிற வீட்டுக்கு என்ன தேவை? ஆறரை அங்குல வூஃபர் உள்ள நல்ல ஜோடி ஸ்பீக்கர் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கும். தம்பூராவும் தொப்பியும் அதற்குள் அடங்கிவிடும். சப்வூஃபர் வாங்கியே தீரவேண்டும் என்ற அவசியம் இல்லை! நான்கங்குல, ஐந்தங்குல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவை பெரும்பாலும் 60, 70-க்கு மேலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

சினிமாப் பாட்டு? அங்கேதான் கதவு திறக்கிறது! பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகளில் பாஸ் கிட்டார் சும்மா பின்னால் நடந்துவராது, பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடும். எத்தனையோ பேர் முப்பது வருஷம் கேட்ட பாட்டில் அந்த இரண்டாவது பாட்டைக் கேட்டதே இல்லை! பியானோவின் கடைசிக் கட்டை 27.5. தேவாலயப் பைப் ஆர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ். அதைக் காது கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூடு வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இதையும் கேளுங்கள். இல்லாத ஸ்வரத்தை நம் மூளையே படைத்துக்கொள்ளும், தெரியுமா? பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. அப்பாவின் குரல் ஆதாரமோ நூற்றுச் சொச்சம். அந்த ஆதாரம் கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்டது! மேல்ஸ்வரங்களின் இடைவெளியை அளந்து, அடியில் இருக்கவேண்டியது இதுதான் என்று மூளை தானே நிரப்பிவிடுகிறது. 1943-இல் திருவிதாங்கூர் வானொலியாகத் தொடங்கி 1950-இல் ஆகாசவாணியோடு சேர்ந்த திருவனந்தபுரம் நிலையத்தை, உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் கேட்டே எத்தனை குடும்பங்கள் ராகம் கற்றன! அந்த மந்தர ஸட்ஜத்தில் பாதியைப் பாடியது அவர்கள் மூளை. அப்புறம் சப்வூஃபர் எதற்கு? ஸ்வரம் எது என்று மூளை சொல்லிவிடும். அதன் கனத்தை மட்டும் அதனால் உண்டாக்க முடியாது. தொப்பியில் விழும் அடி வயிற்றில் வந்து இறங்க வேண்டுமென்றால் காற்று நிஜமாகவே நகர வேண்டும்.

எவ்வளவு காற்று? அதே சத்தத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆடவேண்டும்! 40 ஹெர்ட்ஸில் இரண்டு மில்லிமீட்டர் ஆடிய கூம்பு 20-இல் எட்டு மில்லிமீட்டர் ஆடியாக வேண்டும். மேஜைமேல் நிற்கும் குட்டிப் பெட்டி 'முழு பாஸ்' என்று விளம்பரம் செய்தால் இந்த ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் மனசுக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: உங்கள் அறை. நீங்கள் வாங்கும் பெட்டியைவிட உங்கள் அறைதான் பெரிய வாத்தியம்!

திருவனந்தபுரத்தின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 35 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பத்து மீட்டர்! 40 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு அதிர்வு முடிவதற்குள் ஒலி எட்டே முக்கால் மீட்டர் போய்விடும். பன்னிரண்டடி அறையில் அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியும் வந்தாகிவிட்டது, அதிர்வு இன்னும் முடியவில்லை! அலை அறைக்குள் அடங்காமல் தன்மேல் தானே மடிகிறது. 12-க்கு 12 சதுர அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸ் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஒரே சமயத்தில் வீங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் 'கும்'மென்று காதை அடைக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாலோ அதே ஸ்வரம் காணாமலே போகும்! பாஸ் போதவில்லை என்று புலம்புகிற பலருக்குப் பெட்டி மாற்ற வேண்டாம், நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் போதும். காசில்லாத வைத்தியம்!

நம் இன்றைய வீடுகள் கான்கிரீட் கூரை, பூசிய சுவர், கிரானைட் தரை. பாஸுக்கு வெளியே போக வழியே இல்லை. பழைய ஓட்டு வீட்டில் மரத்தட்டும் ஓடும் கொஞ்சம் அதிர்ந்து விழுங்கும், மீதி நடுமுற்றம் வழியாக வானத்துக்குப் போய்விடும். அந்த வீடுகளில் பாட்டு ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடு என்றால் இன்னும் விசேஷம்! பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டு, 2007-இல் மறையும்வரை இந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தவர். தம்பானூரில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காஃபி ஹவுஸும், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையமும் அவர் கைவண்ணம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாளிச் சுவர் அவர் முத்திரை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வைத்த அந்தத் துளைகள் பாஸுக்கும் வாசல், தெரியுமா? ஏழு மீட்டர் நீள அலைக்கு நான்கங்குலத் துளை எப்படிப் போதும் என்று வியப்பு வரும். போதும்! துளைகள் போதுமான அளவு பரவியிருந்தால் தாழ்ந்த ஒலிக்கு அந்தச் சுவர் ஏறக்குறைய இல்லாத சுவர்தான். அதனால் வெளிப்பக்கம் ஜாளி வைத்த அறையில் அந்த வீங்கிய 'கும்' குறையும். பாஸின் பலமும் கொஞ்சம் வெளியேறும். அப்படி ஓர் அறை வாய்த்தவருக்கு சப்வூஃபர் நிஜமாகவே பயன்படும் என்பது என் கட்சி. அடைத்த கான்கிரீட் பெட்டிக்குள் வாழ்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கட்டும்.

ஒன்று வாங்குவதா, இரண்டா? பெரிதாக ஒன்று என்றுதான் எல்லோர் கையும் போகும். ஆனால் சின்னதாக இரண்டு! ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் பல இடவமைப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொன்னது இது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே அறையெங்கும் பாஸ் பெரிய அளவில் சமன்படும், நான்கு வைத்தால் இன்னும் நல்லது, அதற்குமேல் சேர்ப்பதில் பெரிய லாபம் இல்லை. ரகசியம் என்ன? அறையின் முதல் அலையில் ஒரு சுவரோரம் அழுத்தம் ஏறும்போது எதிர்ச்சுவரோரம் இறங்கியாக வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளினால் அந்த அலை எழும்பவே முடியாது!

ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் கவலை வேண்டாம், ஓர் அருமையான வழி இருக்கிறது. பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த மூலையில் ஒவ்வொரு ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை மாற்றுங்கள். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் இடம் மாற்றினால் விடை மாறாது என்பது இயற்கையின் விதி! சப்வூஃபருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிட்டால் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று காதுக்குப் பிடிபடாது. மேலே ஏற்றினால் மிருதங்கம் மேடையைவிட்டு மூலைக்கு ஓடிவிடும்.

பெரிய திரையின் கதையும் சேர்த்துக் கேளுங்கள். 1974-இல் 'எர்த்குவேக்' படத்துக்கு யுனிவர்சல் கொண்டுவந்த சென்சரவுண்ட் என்ற ஆழ்ஒலி முறை, பூகம்பக் காட்சியில் தியேட்டரையே ஆட்டியது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் உதிரும் காரையைத் தடுக்கக் கூரைக்கடியில் வலை கட்டினார்கள்!  

ஆனால் ஆழ்ந்த ஒலியில் கரைகண்டவர் யார் தெரியுமா? சரஸ்வதியைச் சுமந்து வருகிறதே, அந்த யானை! 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளருக்குக் காற்றில் ஏதோ துடிப்பது புலப்பட்டது. காதில் ஒன்றும் விழவில்லை. சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் குழாய்ப் பக்கம் நின்றபோது உணர்ந்த அதே துடிப்பு! கருவி வைத்துப் பதிவு செய்தால், 14 முதல் 24 ஹெர்ட்ஸில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன! நம் மாவட்டத்துக் கோட்டூர் காப்புக்காட்டு யானை மையத்துக்குப் போகிறவர்கள், அங்கே நிலவுகிற அமைதியை அமைதி என்று நம்பிவிடாதீர்கள்.

ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாஸ் காணாமல் போகிறதே, அது பெட்டியின் குறையா? இல்லை, காதின் குணம்! 1933-இலேயே பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். நடுத்தர ஸ்வரம் 40 டெசிபெல்லில் கேட்கிற அதே அளவுக்கு 20 ஹெர்ட்ஸ் கேட்க ஏறக்குறைய 100 டெசிபெல் வேண்டும். சத்தத்தைக் குறைத்தால் பாஸ்தான் முதலில் மறையும். பழைய ஆம்ப்களில் 'லவுட்னெஸ்' பட்டன் வைத்தது இதற்காகத்தான். மெதுவாகக் கேட்பவருக்கு சப்வூஃபர் அதே உதவியைச் செய்யும். சத்தமாகக் கேட்பவரைவிட மெதுவாகக் கேட்பவருக்கே அது அதிகம் தேவை!

அப்படியென்றால் அக்கம்பக்கம்? கரமனை, வலியசாலை அக்ரஹாரங்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். ஒலியின் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம் சுவர் தடுக்கும் சக்தி சுமார் 6 டெசிபெல் குறையும். பல்லவி உங்களுக்கு, தொம்தொம் மட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு! சட்டம் காப்பாற்றுமே என்றால், அதிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்குமேல் எல்லை 45 டெசிபெல். அதை அளக்கும் மீட்டர் 'ஏ' அளவையில் ஓடும்; 50 ஹெர்ட்ஸ் ஒலியில் அது 30 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் காட்டும்! சுவர் வழியே 75 டெசிபெல் வந்தாலும் மீட்டரில் 45. விதிப்படி குற்றமில்லை, ஆனால் பாட்டிக்குத் தூக்கமில்லை. பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், பத்து மணிக்கு அந்தப் பெட்டியை மட்டுமாவது அணைத்துவிடுங்கள். மெயின் ஸ்பீக்கர் பாடட்டும், மிச்சத்தை உங்கள் மூளை பாடிக்கொள்ளும்.

எல்பி தட்டு சுழல விடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தட்டு லேசாக நெளிந்திருந்தால் காதுக்கே எட்டாத சில ஹெர்ட்ஸில் ஊசி ஏறி இறங்கும். சப்வூஃபரின் கூம்பு சத்தமே இல்லாமல் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். அந்த அதிர்வை வடிகட்டும் ரம்பிள் ஃபில்டர் இல்லாமல் இரண்டையும் இணைக்காதீர்கள்.

வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழை பார்க்கும் இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரம் மக்கி உதிரும். ரப்பர் வளையம் என்றால் பல வருஷம் தாங்கும். துலாவர்ஷத்து மாலையில் இடி முழங்கினால் ரிமோட்டில் அணைத்தது போதாது. சப்வூஃபர் ஸ்டாண்ட்பையில் விழித்துக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், ஆம்பிலிருந்து வரும் ஆர்சிஏ ஒயரையும் கழற்றுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து இடியைக் கேளுங்கள்: அதில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஒலி இருக்கிறது, தெரியுமா?